கோட்டைத் தாண்டிய கார்

கிளென்டாரோ
3 ஜூன் 2014

அன்புள்ள நோலீன்,

இரண்டு முறை தொலைபேசியில் அழைத்தேன். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். அதனால் எழுதுகிறேன். இதையும் நீ கிழிக்கலாம், ஆனால் கிழிப்பதற்கு முன் இரண்டு வரியாவது கண்ணில் படும் அல்லவா.

நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். உன் வீட்டுக்காரர் மெர்வ் தவறியபோது இரங்கல் அட்டை அனுப்பினேன். வந்து சேர்ந்ததா என்று தெரியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நம் கம்பளி ஆலை மூடி வரும் ஆகஸ்டு இரண்டாம் தேதியோடு இருபது வருடம். பழைய சாப்பாட்டுக் கூடத்தை அருங்காட்சியகமாக ஆக்கியிருக்கிறார்கள். திறப்பு விழா அன்று ஊரின் மாடல் கார் சங்கம் அங்கே ஒரு போட்டி நடத்துகிறது. உள்ளங்கை அளவுக் கார், இரண்டு பேட்டரி. மேஜைகளைச் சேர்த்துப் போட்டு எட்டு மீட்டர் தூரத்தில் ஒரு கோடு கிழிப்பார்கள். கார் ஓடித் தானாகவே மோட்டாரை அணைத்துக்கொண்டு நிற்க வேண்டும். ரிமோட் கூடாது, கை படக் கூடாது. கோட்டைத் தொடாமல் அதற்கு மிக அருகில் நிற்கும் கார் ஜெயிக்கும்.

போட்டிக்கு ‘எய்ல்சா கொக்கிக் கோப்பை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். நான் கேட்கவில்லை.

சங்கச் செயலாளர் டென்சில் வீட்டுக்கே வந்து, “நூல் அறுந்தா நூற்பு எந்திரம் தானா நிக்கிற மாதிரி கொக்கி கண்டுபிடிச்சவங்க நீங்க. பொம்மைக் கார நிறுத்துறது உங்களுக்கு ஒரு வேலையா? முதல் கார நீங்கதான் செஞ்சு ஓட்டணும்” என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது?

மூன்று வாரமாக முயல்கிறேன். கார் சுவரில் மோதித்தான் நிற்கிறது.

உன்னைத் தவிர வேறு யாரிடமும் கேட்க முடியாது. ஏன் என்று உனக்குத் தெரியும்.

அன்புடன்,
எய்ல்சா மெக்ராஸ்டி


பிளஃப்
10 ஜூன் 2014

எய்ல்சாவுக்கு,

அட்டை வந்தது. அடுப்பில் போட்டேன். மெர்வுக்கு உன்னைக் கண்டால் ஆகாது, செத்த பிறகு மட்டும் ஆகிவிடுமா?

ஏன் என்று எனக்குத் தெரியும் என்று எழுதியிருக்கிறாய். எனக்குத் தெரியும்தான். நீ எழுதவில்லை பார். பக்கம் முழுக்க எழுதிவிட்டு அந்த ஒன்றை மட்டும் என் தலையில் கட்டிவிட்டாய். அப்போதும் அப்படித்தான்.

உனக்கு மறந்திருக்கும். நான் சொல்கிறேன். 1968 மார்ச் பதினான்கு, வியாழக்கிழமை. வெளியே மழை. நீ கடுகு நிற ஸ்வெட்டர் போட்டிருந்தாய், இடது கை முழங்கையில் பொத்தல். நம் இருவர் கையிலும் சீஸ் ரோல். அதற்கு முந்தின வாரம்தான் அறுந்த நூலைப் பிடிக்க ஓடும் எந்திரத்தில் கைவிட்டு பெரில் இரண்டு விரலை இழந்திருந்தாள். நான் என் கொண்டை ஊசியை எடுத்து வளைத்து நூலில் மாட்டினேன். நூல் இறுக்கமாக இருக்கிற வரைக்கும் ஊசி மேலே நிற்கும், நூல் அறுந்தால் ஊசி விழும், விழுந்தால் சுவிட்சைத் தட்டும், எந்திரம் நிற்கும். நீ வாயைத் திறந்து பார்த்தாய். வாயில் சீஸ்.

ஆலையில் யோசனை சொல்ல ஒரு பெட்டி, அதில் போட ஒரு படிவம் உண்டு. எனக்கு எழுதத் தெரியாது. பத்து வயதில் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்தியவள் நான். நீ அலுவலக அறையில் ஷிப்டுப் பதிவேடு எழுதுகிறவள். அன்று சாயங்காலம் உன் அப்பாவின் பச்சைப் பேனாவை எடுத்தாய், பொன் நிறக் கிளிப் போட்ட பேனா. நான் சொல்லச் சொல்ல நீ எழுதினாய். கடைசி வரி வந்ததும் இடது கையை மேலே வைத்து மறைத்துக்கொண்டு எழுதினாய். “என்னடி மறைக்கிற?” என்று கேட்டேன். “மை காயலடி, பட்டா அழிஞ்சுரும்” என்றாய்.

அது பெயர் எழுதும் வரி.

எனக்கு எப்போது தெரிந்தது என்று உனக்குத் தெரியாது. ஆலையை விட்டு இங்கே வந்து நான்கு மாதம் கழித்து, மெர்வ் மீன் சுற்றி வந்த செய்தித்தாளைப் பிரித்தார். உன் படம், கையில் பித்தளைத் தகடு. நான் “இது எய்ல்சா, என் கூட்டாளி” என்று பெருமையாகச் சொன்னேன். அவர் அடியில் போட்டிருந்ததை வாசித்துக் காட்டினார். பிள்ளை பிறந்து ஒன்பது நாள் எனக்கு. பால் நின்றுவிட்டது.

முப்பத்தொன்றாவது வயதில் நூலகத்தில் போய் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன். பகல் முழுக்கச் சிப்பி உடைத்த கையோடு போய் உட்காருவேன். முதலில் எழுதக் கற்றது என் பெயர். இரண்டாவது உன் பெயர், மறக்காமல் இருக்க.

கார் நிற்க வைக்க எனக்குத் தெரியும். அரை நாள் வேலை. ஆனால் முதலில் நீ எனக்கு ஒரு வரி எழுத வேண்டும், உன் கையெழுத்தில்: கொக்கி செய்தவள் நோலீன் டாப்பர். அவ்வளவுதான். எழுதி அனுப்பு.

நோலீன் டாப்பர்


கிளென்டாரோ
17 ஜூன் 2014

அன்புள்ள நோலீன்,

உன் ஞாபகத்தோடு என்னால் மல்லுக்கட்ட முடியாது. ஸ்வெட்டர் பொத்தல் உட்பட எல்லாம் சரி. ஆனால் உனக்குத் தெரியாத ஒன்றும் உண்டு.

அன்று மத்தியானம், நாம் படிவம் எழுதுவதற்கு முன், மேற்பார்வையாளர் பிளாக்கி அலுவலகத்துக்கு வந்தார். உனக்கு ஐந்து மாதம், வயிறு தெரிய ஆரம்பித்துவிட்டது, அடுத்த வாரம் நின்றுவிடுவாய் என்று எல்லாருக்கும் தெரியும். நான் உன் கொக்கியைப் பற்றி அவரிடம் மெல்லப் பேச்செடுத்தேன். “வேலைய விட்டுப் போற பொண்ணு பேர்ல வந்தா பெட்டியிலேயே கெடக்கும்” என்றார். அதனால்தான் பெயர் வரியில் என் பேனா நின்றது. உன் பெயரை எழுதியிருந்தால் கொக்கி குப்பைக்குப் போயிருக்கும். இன்னும் எத்தனை பெரில்கள் விரல் இழந்திருப்பார்களோ.

அடுத்த வாரம் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். தகடு வந்தது, சாப்பாட்டுக் கூடச் சுவரில் திருகி மாட்டினார்கள். பிறகு என்னை நூற்புத் தளத்துக்கு மேற்பார்வையாளர் ஆக்கினார்கள். சொல்ல வேண்டிய வாரம் எது என்றே தெரியாமல் போயிற்று.

யோசித்துப் பார்த்தால் அதை நாம் இருவரும் சேர்ந்துதான் செய்தோம். யோசனை உன்னுடையது, எழுத்து என்னுடையது. எழுத்து இல்லாமல் அந்த யோசனை உன் கொண்டையிலேயே இருந்திருக்கும்.

நீ கேட்ட வரியை எழுத முடியாது. காகிதத்தில் எழுதினால் அது யார் கையிலாவது கிடைக்கும். எனக்கு அறுபத்தொன்பது வயது, தெருவில் எல்லாரும் என்னைக் கொக்கி எய்ல்சா என்றுதான் கூப்பிடுகிறார்கள். விழா முடியட்டும், நான் பிளஃப்புக்கு வந்து உன் முகத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.

தயவு செய்து உதவி செய்.

எய்ல்சா


பிளஃப்
25 ஜூன் 2014

எய்ல்சாவுக்கு,

சரி. போகட்டும். வயதாகிவிட்டது நமக்கு. நீ சொல்கிற மாதிரி இருவரும் சேர்ந்துதான் என்றே வைத்துக்கொள்வோம்.

பெட்டியில் கார் இருக்கிறது. மோட்டார் பேரனின் உடைந்த பொம்மையிலிருந்து எடுத்தது. சக்கரம் நான்கும் ஜாம் பாட்டில் மூடி. சுவிட்ச் மெர்வின் டார்ச்சிலிருந்து. சுவிட்சை இழுத்து அணைப்பது என் கொண்டை ஊசி, அதே மாதிரிதான் வளைத்திருக்கிறேன், பார்த்தால் உனக்கே தெரியும்.

எப்படி நிற்கிறது என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரிய வேண்டுமே, அதனால் எழுதுகிறேன். ஊசியிலிருந்து ஒரு கம்பளி நூல் பின்சக்கர அச்சுக்குப் போகிறது. நூல் தொளதொளவென்று இருக்கும். கார் ஓட ஓட அச்சு சுற்றும், நூல் அச்சில் சுற்றிக்கொண்டே வரும். தொளதொளப்பு தீர்ந்ததும் நூல் இறுகி ஊசியை இழுக்கும், சுவிட்ச் அணையும். நூல் நீளம்தான் தூரம். அச்சு சின்னது, சக்கரம் பெரிது. அதனால் நூலில் ஒரு விரல் அகலம் கூடினால் கார் ஒரு முழம் கூட ஓடும். விரல் நுனியளவு கூட விளையாடாதே. எட்டு மீட்டருக்கு அளந்து முடிச்சுப் போட்டிருக்கிறேன். முடிச்சைத் தொடாதே.

ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் காரைப் பின்பக்கமாக உருட்டி நூலை அவிழ். பேட்டரி புதிதாகப் போடு. கூடத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டாம், பார்க்கிறவர்கள் எல்லாம் வாயடிப்பார்கள். உன் வீட்டு அறையில், கணப்புப் பக்கத்தில் ஓட்டிப் பார்.

நோலீன்


கிளென்டாரோ
7 ஜூலை 2014

அன்புள்ள நோலீன்,

எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. பன்னிரண்டு முறை ஓட்டினேன். பன்னிரண்டு முறையும் கோட்டுக்கு முன் இரண்டு விரல் அகலத்தில் நின்றது. கடைசி முறை நான் கை தட்டினேன், தனியாக, கணப்புப் பக்கத்தில்.

ஒரே ஒரு சந்தேகம். டென்சில் வந்து பார்த்துவிட்டு, “கம்பளி எதுக்குங்க, மீன் பிடிக்கிற நைலான் நூல் போட்டா இன்னும் கெட்டியா இருக்குமே” என்றார். நான் சிரித்து வைத்தேன். மாற்றட்டுமா?

நீ இவ்வளவு பெரிய மனதோடு நடந்துகொள்வாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை. விழாப் பேச்சில் உன் பெயரையும் சேர்க்கலாமா என்று யோசிக்கிறேன், பழைய தோழிகளில் ஒருத்தி என்று.

எய்ல்சா


பிளஃப்
14 ஜூலை 2014

எய்ல்சாவுக்கு,

கம்பளி ஆலைத் திறப்பு விழாவில் மீன்பிடி நைலானா? சிரிக்க மாட்டார்களா? டென்சிலிடம், நாங்கள் ஆலைக்காரிகள், கம்பளியில்தான் செய்வோம் என்று சொல்.

ஒன்று மட்டும் செய். விழா வரைக்கும் காரை உன் வெந்நீர்த் தொட்டி அலமாரியில் வை, துணி உலர்த்துகிற அலமாரியில். அங்கே நூல் ஒழுங்காக இருக்கும். அன்றைக்குக் காலையில் நேரே எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போ.

தோழிகளில் ஒருத்தி என்று என்னைப் பேச்சில் சேர்க்க வேண்டாம்.

நோலீன்


கிளென்டாரோ
4 ஆகஸ்டு 2014

நோலீன்,

உனக்கு ஏற்கெனவே யாராவது சொல்லியிருப்பார்கள். இருந்தாலும் என் கையாலேயே எழுதுகிறேன்.

சனிக்கிழமை காலையிலிருந்து தெற்குக் காற்றோடு குளிர்கால மழை. கூடத்தில் எண்பது பேர், எண்பது ஈரக் கோட்டுகள், சுவர் நெடுகத் தொங்கவிட்டிருந்தார்கள். தேநீர் பாய்லர் இரண்டு கொதித்துக்கொண்டே இருந்தது. ஜன்னல் கண்ணாடியில் நீர் வழிந்தது. வெந்நீர் அலமாரியிலிருந்து எடுத்து வந்த காரை மேஜை மேல் வைத்தேன். மேயர் பேசினார், டென்சில் பேசினார், நான் பேசினேன். இரண்டு மணி நேரம் கார் அங்கேயே இருந்தது.

மேஜை விளிம்புக்கு ஒரு சாண் முன்னால் கோடு. அதற்கு அந்தப் பக்கம், கொஞ்சம் தாழ்வாக, பலகார மேஜை. எங்கள் பலகாரக்காரி எட்மி செய்த பாவ்லோவா கேக் நடுவில் இருந்தது, மேலே கிரீம் தடவி, கிவிப் பழம் அடுக்கி.

கார் போயிற்று. கோட்டுக்குப் பக்கத்தில் வந்தது. எல்லாரும் மூச்சைப் பிடித்தார்கள். நிற்கவில்லை. கோட்டைத் தாண்டி விளிம்பைத் தாண்டி பாவ்லோவாவில் விழுந்தது. விழுந்த பிறகு ஒரு நொடி சக்கரம் சுற்றி கிரீமை வாரி எட்மியின் முகத்தில் அடித்துவிட்டு, அதன் பிறகு டக் என்று அணைந்தது. உன் கொக்கி வேலை செய்தது, நோலீன். நேரம்தான் தப்பு.

சாயப்பட்டறை டூரி ரிவாக்காவை ஞாபகம் இருக்கிறதா, அவர்தான் எழுந்து வந்து காரைக் கிரீமிலிருந்து எடுத்து, நூலை விரலால் தடவிப் பார்த்தார்.

“கம்பளி ஈரம் குடிச்சிருக்கு எய்ல்சா. நீண்டு தொவண்டு போச்சு.”

“அப்படியா?” என்றேன்.

“என்ன அப்படியாங்கிற? ஆலையில மத்தியானம் நீராவி திறந்து விட்ட ஒடனே பொம்பளைங்க எல்லாம் கொக்கிய ஒரு தடவ திருப்பி வளைப்பாங்களே. இல்லன்னா ஈர நூல் தொய்ஞ்சு, அறுந்து போகாமலே எந்திரம் நின்னு போவும். தெனமும் நடந்ததுல்ல.”

எனக்குத் தெரியாது, நோலீன். இருபத்தாறு வருடம் குறிப்புப் புத்தகத்தோடு அந்தத் தளத்தில் நடந்திருக்கிறேன். மத்தியானத்தில் அவர்கள் எந்திரத்துக்கு மேல் குனிவதைப் பார்த்திருக்கிறேன். தலைமுடியைச் சரிசெய்கிறார்கள் என்று நினைத்தேன்.

டூரி என்னையே பார்த்தார். “கொக்கி செஞ்சவளுக்கு இது தெரியாமப் போவுமா?” என்றார். கேட்டது மெதுவாகத்தான். எண்பது பேருக்கும் கேட்டது.

நான் வாயில் வந்ததைச் சொன்னேன். “இந்தக் கார் நான் செஞ்சதில்ல. நோலீன் டாப்பர் செஞ்சு அனுப்புனது.”

சிரிப்பு கிளம்பிற்று. பின்னாலிருந்து யாரோ, “அப்ப பாவ்லோவாவுக்கு நோலீன்கிட்டதான் கேக்கணும் எட்மி” என்றார்கள். டூரி சிரிக்கவில்லை. “கார் நோலீனோடதுன்னா, கொக்கி யாரோடது?” என்றார்.

என்னுடையது என்று சொன்னால் அடுத்து அவர் கேட்கப் போவது என்ன என்று தெரிந்துவிட்டது. அதனால் சொன்னேன். “அதுவும் நோலீனோடதுதான்.”

நீ கேட்ட வரி. காகிதத்தில் இல்லை, எண்பது பேர் காதில்.

டென்சில் போட்டிப் பலகையில் என் பெயரை அழித்து உன் பெயரை எழுதினார். மற்ற கார்களும் ஓடின. ஈரத்துக்கோ என்னவோ, சக்கரம் வழுக்கி நிறைய கார்கள் கோட்டைத் தாண்டின. முதலாவது தாண்டியதும் யாரோ, “இன்னொரு நோலீன்” என்று கத்தினார்கள். அதன் பிறகு அது ஒட்டிக்கொண்டது. கோட்டைத் தாண்டி விழுகிற காருக்கு நோலீன் என்று பெயர். மாலைக்குள் ஏழு நோலீன் விழுந்தது. நேற்று சர்ச்சில் கூட ஒருவர் பால் டம்ளரைத் தட்டிவிட்டார், பக்கத்தில் இருந்தவர் “நோலீன்” என்றார்.

நான் வெந்நீர் அலமாரியைப் பற்றி யோசித்துக்கொண்டே இருக்கிறேன். நன்றாகக் காய வைத்துவிட்டு ஈரத்தில் இறக்க வேண்டும், அதுதானே? அந்த யோசனைக்கு நான் உனக்கு நன்றி சொல்லலாம் என்றிருந்தேன்.

எய்ல்சா


பிளஃப்
11 ஆகஸ்டு 2014

எய்ல்சாவுக்கு,

ஆமாம். தெரிந்துதான் செய்தேன். காகிதத்தில் எழுத எனக்குப் பயமில்லை, யார் கையில் வேண்டுமானாலும் கிடைக்கட்டும். ஒரு வரி எழுதியிருந்தால் உனக்குப் பருத்தி நூல் அனுப்பியிருப்பேன். இரண்டு பெட்டி வைத்திருந்தேன், இரண்டு நூலும் கட்டி. ‘இருவரும் சேர்ந்துதான்’ என்று எழுதினாயே, அன்றைக்குத்தான் கம்பளிப் பெட்டியை ஒட்டினேன். நூல் ஈரம் குடிக்கும் என்று நீ ஒரு முறை கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன். நீ கேட்க மாட்டாய் என்று தெரியும். கேட்க வேண்டும் என்றே தெரியாதவள்தானே அந்தத் தகட்டை வைத்திருந்தாய்.

இந்த இடம் வரை எனக்குச் சந்தோஷம். எட்மியின் முகத்தில் கிரீம் என்றதும் இரண்டு முறை வாசித்தேன்.

பிறகு அந்த ஏழு நோலீனைப் பற்றி வாசித்தேன்.

நாற்பத்தாறு வருடம் என் பெயரை உன் பையில் வைத்திருந்தாய். ஒரு நல்ல நாளில் வெளியே எடுக்கவில்லை. கொக்கி ஓடின இருபத்தாறு வருடத்தில், ஒரு விரல் கூடப் போகாத அந்த இருபத்தாறு வருடத்தில், ஒரு நாள் எடுக்கவில்லை. பாவ்லோவாவில் விழுந்த அன்றைக்குப் பார்த்து எடுத்தாய். நான் உனக்கு வைத்த பொறியில் என்னையே தள்ளிவிட்டாய். இதற்கு நீ யோசித்திருக்கக் கூட மாட்டாய், அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. நான் ஏழு வாரம் யோசித்தேன்.

வெள்ளிக்கிழமை இங்கே மளிகைக் கடையில் நிற்கிறேன். எனக்கு முன்னால் ஒருத்தன், கிளென்டாரோவில் அண்ணன் வீட்டுக்குப் போய் வந்தவனாம், கையிலிருந்த முட்டைப் பெட்டியைக் கீழே போட்டான். “அய்யோ, நோலீன்” என்றான். கடைக்காரி என்னைப் பார்த்தாள். நான் முட்டையைப் பார்த்தேன்.

ஆகவே கேட்டுக்கொள். அதே கூடம். அதே மேஜை, அதே கோடு. பாய்லர் இரண்டும் கொதிக்க வேண்டும். ஈரக் கோட்டு எண்பதும் தொங்க வேண்டும், மழை இல்லையென்றால் நனைத்துத் தொங்கவிடு. கதவைச் சாத்து. நூல் கம்பளிதான், பருத்தி வேண்டாம், நைலான் வேண்டாம். முடிச்சை எல்லார் முன்னாலும் நான் போடுவேன். எட்மியை இன்னொரு பாவ்லோவா செய்து அதே இடத்தில் வைக்கச் சொல்.

தகட்டில் திருகு எத்தனை?

நோலீன் டாப்பர்


கிளென்டாரோ
19 ஆகஸ்டு 2014

நோலீன்,

செப்டம்பர் பதின்மூன்று, சனிக்கிழமை, காலை பதினோரு மணி. டென்சில் கூடத்தைப் பேசி முடித்துவிட்டார். ஊரே வருகிறது. பாதிப் பேர் பாவ்லோவாவுக்காக.

திருகு நான்கு. ஒன்று துருப்பிடித்திருக்கிறது. தினமும் எண்ணெய் விடுகிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும், கோபப்பட்டால் படு. நான் பொய் சொன்னேன், நாற்பத்தாறு வருடம். ஆனால் உனக்கு இனிப்பாக ஒரு கடிதம் எழுதிப் பொய் சொன்னதில்லை. ‘போகட்டும், வயதாகிவிட்டது நமக்கு’ என்ற அந்த வரியை நான் நம்பினேன். இரண்டு நாள் அழுதேன், சந்தோஷத்தில். அதை நான் மறக்க மாட்டேன். நீ மட்டும்தான் எதையும் மறக்காதவள் என்று நினைக்காதே.

பேருந்து நிறுத்தத்துக்கு வரட்டுமா?

எய்ல்சா


பிளஃப்
26 ஆகஸ்டு 2014

எய்ல்சாவுக்கு,

வர வேண்டாம். ஆலைக்கு வழி எனக்குத் தெரியும்.

நோலீன்


பிளஃப்
15 செப்டம்பர் 2014

எய்ல்சாவுக்கு,

நீயும் அங்கேதான் இருந்தாய். ஆனால் நீ உன் விதத்தில் எழுதி வைப்பாய். அதனால் நடந்ததை முதலில் நான் எழுதி வைக்கிறேன்.

நான் உள்ளே வந்தபோது ஒருவன், “நோலீன் வந்தாச்சு, பலகாரத்தத் தள்ளி வைங்கடா” என்றான். யாரென்று தெரியும், பிளாக்கியின் மருமகன். குறித்து வைத்திருக்கிறேன்.

கோட்டுகளைத் தொட்டுப் பார்த்தேன். சொட்டச் சொட்ட இருந்தன. நீ ராத்திரியே நனைத்துவிட்டாய் என்று டூரி சொன்னார். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

நூலை ஒரு முழம் எடுத்து பாய்லர் ஆவியில் பிடித்தேன். எல்லாரும் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்கள். டென்சில், “எவ்வளவு நேரம் பிடிக்கணும்?” என்று கேட்டார். “கன்னத்துல வச்சா குளிர்ச்சியா இருக்கணும். அவ்வளவு நேரம்” என்றேன். கன்னத்தில் வைத்துப் பார்த்துத்தான் முடிச்சுப் போட்டேன், உலர்ந்த நூலில் போட்டதைவிட ஒரு விரல் அகலம் குறைத்து. அப்போது பின்னால் ஒரு மூச்சு கேட்டது. பெரில். எண்பத்திரண்டு வயது, சக்கர நாற்காலியில். மூன்று விரல் கையைத் தூக்கிக் காட்டி, “அப்படித்தான்டி வளைப்போம், அப்படித்தான்” என்றாள். அவளை அழைத்து வந்தது யார் என்று நான் கேட்கவில்லை. நீதான் என்று தெரியும்.

கார் போயிற்று. கோட்டுக்கு முன் நின்றது. டூரி குனிந்து கட்டை விரலை இடையில் வைத்துப் பார்த்தார், விரல் நுழையவில்லை, நகம்தான் நுழைந்தது. எட்மி பாவ்லோவாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு ஓடின எந்தக் காரும் அவ்வளவு கிட்டே வரவில்லை. டென்சில் சொன்னார், கோட்டில் நகத்தளவில் நிற்கிற காருக்கு இனிமேல் நோலீன் என்று பெயராம். விழுகிற காருக்கு என்ன பெயர் என்று யாரோ கேட்டார்கள். எல்லாரும் உன்னைப் பார்த்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

தகட்டை நீயே சுவரிலிருந்து கழற்றிக் கொடுத்தாய். துருத் திருகில் உன் விரல் கிழிந்து ரத்தம் வந்தது. கைக்குட்டை தரவில்லை நான். தகடு இப்போது என் சமையலறை மேஜையின் ஆடும் காலுக்கு அடியில் இருக்கிறது, உன் பெயர் தரையைப் பார்க்க. மேஜை ஆடுவதில்லை.

இப்போது கடைசி விஷயம். அருங்காட்சியகத்துக்காரர் ஒரு படிவத்தை மேஜை மேல் வைத்தார். பொருள், நூற்பு எந்திரக் கொக்கி. ஆண்டு, 1968. அடுத்தது செய்தவர் பெயர். அந்த வரி காலியாக இருந்தது. உன் கை தானாகவே பைக்குள் போயிற்று. பச்சைப் பேனாவை எடுத்தாய், மூடியைக் கழற்றினாய், குனிந்தாய். எனக்காக எழுதப் போனாயா, பழக்கத்தில் போனாயா என்று உனக்கே தெரியாது, உன் முகத்தில் பார்த்தேன். நான் உன் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கினேன். நீ விட்டுவிட்டாய். இடது கையால் மறைக்காமல், எல்லாரும் பார்க்க, நோலீன் டாப்பர் என்று எழுதினேன். எழுத்து கொஞ்சம் கோணல். அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன்.

பிறகு நான்கு மணிப் பேருந்தைப் பிடிக்க ஓடினேன். பேருந்தில் உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன், பேனா என் கோட்டுப் பையில்.

நீ தேடியிருப்பாய். உன் அப்பாவுடையது, தெரியும். நன்றாக எழுதுகிறது, இந்தக் கடிதம் முழுக்க அதில்தான் எழுதினேன். உனக்கு வேண்டும் என்றால் கேட்டு எழுது, வேறு பேனாவில். நான் சொல்ல வேண்டிய வாரம் வந்ததும் பதில் சொல்கிறேன்.

நோலீன் டாப்பர்